வேரின் கணக்கு



ஒரு செடியை வரைந்து காட்டுங்கள் என்று பள்ளி மாணவர்களிடம் சொன்னால், அவர்கள் தண்டை வரைவார்கள். இலைகளை நரம்பு தெரிய வரைவார்கள். பூவுக்கு இதழ் எத்தனை என்று எண்ணிப் பார்த்து வரைவார்கள். வேருக்கு வரும்போது மட்டும், தரையைக் குறிக்கும் கோட்டுக்குக் கீழே நான்கைந்து கீறல்களை இழுத்துவிட்டு, படம் முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். இது மாணவர்களின் குற்றம் அன்று. கண்ணுக்குத் தெரியாததை எவ்வாறு வரைவது? நெடுங்காலம் விஞ்ஞானிகளும் ஏறக்குறைய இவ்வாறே செய்துவந்தார்கள். இலையைப் பற்றியும் பூவைப் பற்றியும் நூல்கள் மலிந்திருந்த காலத்திலும், வேரைப் பற்றிய அளவுகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவே இருந்தன. மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் அந்தப் பாதியை மனிதன் எவ்வாறு அளக்கக் கற்றுக்கொண்டான், அளந்து என்ன கண்டான், அதனால் நமக்கு விளையும் பயன் யாது என்பவற்றை இன்று சிறிது நேரம் காண்போம்.

சென்னையிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில், பூவிருந்தவல்லியை அடுத்தாற்போல் இருப்பது கரையான்சாவடி. பெயரைக் கேட்டதுமே மண்ணுக்கு அடியில் ஓயாமல் வேலை செய்யும் சிற்றுயிர் நினைவுக்கு வருகிறது அல்லவா? வயலும் தோப்புமாக இருந்த சென்னையின் மேற்குப் பகுதிகள் வீட்டுமனைகளாக மாறி வருகின்றன. அங்கே வீடு கட்டுவதற்காக வானம் தோண்டும் இடத்தில், தோண்டிய பள்ளத்தின் பக்கச் சுவரை உற்றுப் பாருங்கள். மேலே புல்லின் வேர்கள் மயிர்க்கற்றைபோல் நெருங்கிக் கிடக்கும். அதற்குக் கீழே பக்கத்து வேப்பமரத்தின் வேர் ஒன்று விரல் பருமனில் அறுபட்டுத் தோன்றும். இன்னும் கீழே, களிமண் இறுகிய இடத்தில், வேர்கள் அருகிப்போய், மண்ணின் வெடிப்பு வழியே மட்டும் நூல்போல் இறங்கும். நாளைக்கே அந்தப் பள்ளத்தில் கல்லும் கலவையும் நிரம்பிவிடும். ஆனால் இன்று அது, மண்ணை நெடுக்காக அறுத்து வைத்த ஒரு படம். வேர் ஆராய்ச்சியின் மிகப் பழைய முறைகளுள் ஒன்று இத்தகைய பள்ளத்தைத் தோண்டி, அதன் சுவரைப் படிப்பதேயாகும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஜான் வீவர் என்னும் பேராசிரியர் ஆள் உயரத்துக்கும் ஆழமான பள்ளங்களில் இறங்கி நின்று, புல்வெளிச் செடிகளின் வேர்களையும் வயற்பயிர்களின் வேர்களையும் படமாக வரைந்தார். 1919-லும் 1926-லும் அவர் வெளியிட்ட நூல்களை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

வேரைப் பற்றி நாம் கேட்கத்தக்க கேள்விகள் மூன்று. வேர் எவ்வளவு இருக்கிறது? எங்கே இருக்கிறது? எந்த அமைப்பில் இருக்கிறது? இம்மூன்றையும் வரிசையாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் 'எவ்வளவு' என்ற கேள்வி. இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்று ஒரு பாதிரியார் இருந்தார். செடிகள் நீரைக் குடித்து ஆவியாக விடுவதைத் தராசிலே நிறுத்துப் பார்த்தவர் அவர். 1727-ஆம் ஆண்டு வெளியான தம் நூலில், ஒரு சூரியகாந்திச் செடியின் வேர்களை அளந்த கணக்கை அவர் தருகிறார். எல்லா வேர்களையும் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் 1448 அடி நீளம் வரும் என்று கண்டார். அதாவது ஏறக்குறைய 440 மீட்டர். அந்த வேர்களின் புறப்பரப்பு 15.8 சதுர அடி என்றும், அது தரைக்கு மேலுள்ள பகுதியின் பரப்பில் பத்தில் நான்கு பங்கே என்றும் கணக்கிட்டார். இலையின் பரப்பு பெரிது, வேரின் பரப்பு சிறிது என்பது அவர் கண்ட முடிவு.

இருநூற்றுப் பத்து ஆண்டுகள் சென்றன. 1937-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹோவர்டு டிட்மர் என்பவர் ரை என்னும் தானியச் செடி ஒன்றைத் தனியே ஒரு மரப்பெட்டியில் வளர்த்தார். பெட்டி 12 அங்குலம் சதுரம்; ஆழம் 22 அங்குலம். நான்கு மாதம் வளர்ந்த பிறகு மண்ணைப் பொறுமையாகக் கழுவி நீக்கி, வேர்களிலிருந்து மாதிரிகள் எடுத்து, உருப்பெருக்கியின் துணையால் அளந்து, மொத்தத்துக்குப் பெருக்கினார். ஒரே செடியில் 1 கோடியே 38 லட்சம் வேர்கள் இருந்தன. அவற்றின் நீளம் 623 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் சாலையின் நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான்! வேரின்மீது முளைத்திருக்கும் மிக நுண்ணிய வேர்த்தூவிகளையும் அவர் விட்டுவிடவில்லை. அவை 1400 கோடி. அவற்றின் நீளம் 10,000 கிலோமீட்டருக்கும் மேல். வேரும் வேர்த்தூவியும் சேர்ந்து மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்த பரப்பு, தண்டும் இலையும் காற்றைத் தொட்டுக்கொண்டிருந்த பரப்பைப்போல் ஏறக்குறைய 130 மடங்கு.

பத்தில் நான்கு பங்கு எங்கே, நூற்று முப்பது மடங்கு எங்கே! ஹேல்ஸ் அளந்தது சூரியகாந்தி, டிட்மர் அளந்தது தானியப் புல் என்பது உண்மையே. ஆனால் இத்தனை பெரிய வேறுபாட்டுக்குச் செடியின் இனம் மட்டும் காரணம் ஆகாது. மண்ணிலிருந்து பிடுங்கும்போது அறுந்துபோவன மெல்லிய வேர்களே. கண்ணுக்குத் தப்புவன வேர்த்தூவிகளே. நீளத்திலும் பரப்பிலும் பெரும்பங்கு அவற்றிடந்தான் இருக்கிறது. பருமனான வேரை நிறுத்துப் பார்த்துவிட்டு வேர் முழுவதையும் அறிந்ததாக எண்ணுவது, ஆற்றின் பெரிய கால்வாய்களை மட்டும் எண்ணிவிட்டு, வயலுக்கு நீர் கொண்டுபோகும் வாய்க்கால்களை மறப்பது போன்றதாகும்.

ஆயினும், டிட்மரின் எண்ணையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கலாகாது. அவருடைய பெட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 52,000 கன சென்டிமீட்டர். 623 கிலோமீட்டர் வேரை இந்த மண்ணுக்குப் பங்கிட்டால், ஒரு கன சென்டிமீட்டர் மண்ணில் 12 மீட்டர் வேர் ஆகிறது. வயலில் விளையும் தானியப் பயிர்களை அளந்தவர்களோ, மேல்மண்ணில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில சென்டிமீட்டர் வேரையே காண்கிறார்கள். ஆழம் போகப் போக அது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்துவிடுகிறது. பெட்டிக்குள் தனித்து நின்று, நீரும் உரமும் தட்டின்றிப் பெற்று, வெளியே போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வளர்ந்த செடி அது. ஒரு செடியால் எவ்வளவு இயலும் என்பதை டிட்மர் காட்டினார். வயலில் ஒரு செடிக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பது வேறு கேள்வி. எந்த எண்ணைக் கேட்டாலும், அது எங்கே, எவ்வாறு அளக்கப்பட்டது என்று கேட்கும் பழக்கத்தை மாணவர்கள் கைக்கொள்ள வேண்டும்.

இனி, ஒரு சிக்கல். கழுவி எடுத்த வேர்களை அளவுகோலை வைத்து ஒவ்வொன்றாக அளப்பதென்றால் ஆயுள் போதாது. இதற்கு ஓர் எளிய வழி கணிதத்திலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த பூஃபோன் என்னும் இயற்கை நூலறிஞர், 1777-இல் ஒரு வேடிக்கையான கணக்கை வெளியிட்டார். தரையில் சம இடைவெளியில் கோடுகள் கிழித்து, அதன்மேல் ஓர் ஊசியை மனம்போனபடி எறிந்தால், ஊசி கோட்டை வெட்டுவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு? விடையில், வட்டத்துக்கே உரியது என்று நாம் நினைத்திருக்கும் 'பை' என்ற எண் வந்து நிற்கிறது. நீளமான ஊசி அதிக முறை கோட்டை வெட்டும். குறுகிய ஊசி குறைந்த முறை வெட்டும். அப்படியானால், வெட்டுகளை எண்ணினால் நீளம் தெரிந்துவிடும் அல்லவா? வளைந்து நெளிந்த வேரையும் எண்ணற்ற சிறு ஊசிகளின் தொடர் என்றே கொள்ளலாம். இந்தக் கருத்தை 1966-இல் நியூமன் என்பவர் வேரின் நீளத்தை அறியப் பயன்படுத்தினார். 1975-இல் டென்னன்ட் என்பவர் அதனை மேலும் எளிதாக்கினார்.

அவர் முறையை எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்ட வரைபடத் தாளின்மேல் கண்ணாடித் தட்டு ஒன்றை வைத்து, சிறிது நீர் ஊற்றுங்கள். துண்டு துண்டாக நறுக்கிய வேர்களை அதில் பரப்பி, ஒரே திசையில் கிடக்காதபடி கலைத்துவிடுங்கள். வேர்கள் கிடைக்கோடுகளை வெட்டும் இடங்களையும் நெடுக்கைக் கோடுகளை வெட்டும் இடங்களையும் எண்ணிக் கூட்டுங்கள். அந்த எண்ணிக்கையை 11-ஆல் பெருக்கி 14-ஆல் வகுத்தால், வேரின் மொத்த நீளம் சென்டிமீட்டரில் கிடைத்துவிடும். வெட்டுகள் 280 என்றால் நீளம் 220 சென்டிமீட்டர். பதினொன்றும் பதினான்கும் எங்கிருந்து வந்தன? 'பை' என்பதன் மதிப்பு ஏழில் இருபத்திரண்டு என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். அதில் கால் பங்கு எடுத்துப் பாருங்கள். இருபத்தெட்டில் இருபத்திரண்டு, அதாவது பதினான்கில் பதினொன்று. கட்டத்தின் அகலம் ஒரு சென்டிமீட்டரைவிடப் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால், அந்த அகலத்தாலும் பெருக்க வேண்டும். அவ்வளவே. இன்று ஆராய்ச்சிக்கூடங்களில் கணிப்பொறி வேரின் படத்தைப் பார்த்துச் சில நொடிகளில் நீளமும் பருமனும் கிளைகளின் எண்ணிக்கையும் சொல்லிவிடுகிறது. ஆனால் அந்தப் பொறி சொல்வது சரியா என்று சோதிக்க இந்தப் பழைய கட்டத்தாள் முறை இன்னும் கைகொடுக்கிறது.

இரண்டாவது கேள்வி, வேர் எங்கே இருக்கிறது என்பது. இதற்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்றுகள் உண்டு. பீகாரில் பூசா என்னும் இடத்தில் 1905-இல் நிறுவப்பட்ட வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் ஆல்பர்ட் ஹோவர்டும் அவர் மனைவி கேப்ரியல் ஹோவர்டும் பணியாற்றினார்கள். அங்கே பழமரங்களை நட்டு, சில மரங்களின் அடியில் புல் வளர விட்டார்கள். சிலவற்றின் அடியைக் களையெடுத்துச் சுத்தமாக வைத்தார்கள். புல் வளர்ந்த இடத்தில் பல மரங்கள் வாடின. காரணத்தை அறிய வேர்களைத் தோண்டிப் பார்த்தார்கள். மரத்துக்கு இரண்டு அடுக்கு வேர்கள் இருப்பதைக் கண்டார்கள். ஓர் அடுக்கு மேல்மண்ணில் பரவியிருந்தது. மற்றொன்று நிலத்தடி நீரை நோக்கி ஆழத்தில் இறங்கியிருந்தது. கடுங்கோடையில் மேல்மண் காய்ந்து கிடக்கும்போது ஆழ்வேர்கள் வேலை செய்தன. பருவமழை பெய்ததும் மேல்வேர்கள் உயிர்பெற்றன. மழையால் நிலத்தடி நீர் ஏறி மண்ணில் காற்று குறைந்தபோது ஆழ்வேர்கள் ஓய்ந்தன. புல்லோ, மேல்வேர்களுக்கு வேண்டிய காற்றையும் ஊட்டத்தையும் பறித்துக்கொண்டது. இந்த ஆராய்ச்சியை ஆல்பர்ட் ஹோவர்டு 1925-இல் லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் வெளியிட்டார். வேரின் இருப்பிடத்தைக் காண்பது மட்டும் போதாது, அது எந்தப் பருவத்தில் விழித்திருக்கிறது என்பதையும் காண வேண்டும் என்பது அவர்கள் நமக்குத் தந்த பாடம்.

தெற்கே வந்தால் தென்னை இருக்கிறது. தென்னைக்கு ஆணிவேர் இல்லை. தண்டின் அடிப்பகுதியிலிருந்து ஏறத்தாழ ஒரே பருமனுள்ள வேர்கள் ஆயிரக்கணக்கில் புறப்படுகின்றன. தென்னைக்கு உரம் இடும் உழவர், அதை எங்கே இடுவது? அடிமரத்தை ஒட்டியா, தோப்பு முழுவதுமா? 1970-களின் தொடக்கத்தில் காசர்கோட்டில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் தென்னையின் வேர்களைத் தோண்டி எண்ணினார்கள். நன்கு பேணப்பட்ட மரத்தில், நூற்றுக்கு 74 வேர்கள் அடிமரத்திலிருந்து 2 மீட்டருக்குள் அடங்கியிருந்தன. ஆழத்தைப் பார்த்தால், நூற்றுக்கு 82 பங்கு 30 சென்டிமீட்டருக்குக் கீழும் 120 சென்டிமீட்டருக்கு மேலும் இருந்தன.

இந்த இரண்டு எண்களிலிருந்து எவ்வளவு செய்தி கிடைக்கிறது பாருங்கள். மரத்துக்கு மரம் ஏழரை மீட்டர் இடைவெளி விட்டு நட்டால், ஒரு மரத்தின் பங்குக்கு 56 சதுர மீட்டர் நிலம் வருகிறது. இரண்டு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு பன்னிரண்டரைச் சதுர மீட்டர். ஆகவே, வேர்களின் பெரும்பகுதி நிலத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்திலேயே இருக்கிறது. மிகுந்த இடம் தென்னையைப் பொறுத்தவரை ஏறக்குறைய வெற்றிடம்! உரத்தையும் நீரையும் அடிமரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்தில் பாத்தி கட்டி இடுக என்று வேளாண்மைத் துறையினர் சொல்வதன் பொருத்தம் இதனால் விளங்கும். தென்னைக்கு இடையே வாழையும் மிளகும் கோக்கோவும் அன்னாசியும் பயிரிடலாம் என்ற துணிவும் இந்தக் கணக்கிலிருந்தே பிறந்தது. வேரை எண்ணியதன் பயனாக, ஒரே நிலத்தில் இரண்டு மூன்று விளைச்சல் காண வழி பிறந்தது.

ஆனால் தோண்டிக் காணும் வேர் உயிருடன் உழைக்கும் வேர்தானா? இதை அறியக் கதிரியக்கம் துணைக்கு வந்தது. கதிரியக்கமுள்ள பாஸ்பரஸை மண்ணில் குறித்த ஆழத்திலும் குறித்த தொலைவிலும் சிறிதளவு செலுத்திவிட்டு, சில நாள் கழித்து இலையைச் சோதிப்பார்கள். இலையில் கதிரியக்கம் தென்பட்டால், அந்த இடத்தில் வேர் இருக்கிறது, அது வேலையும் செய்கிறது என்று பொருள். இந்தப் பாஸ்பரஸின் கதிரியக்கம் பதினான்கு நாள்களுக்கு ஒருமுறை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடுமாதலால், நெடுங்காலம் மண்ணில் தங்குவதில்லை. நம் நாட்டில் தென்னை முதலிய பல மரப்பயிர்களின் வேர்கள் இம்முறையில் ஆராயப்பட்டுள்ளன.

மூன்றாவது கேள்வி, வேரின் அமைப்பைப் பற்றியது. ஆணிவேர், சல்லிவேர் என்ற இரண்டு பிரிவை நாம் அறிவோம். அதற்கு மேலும் நுட்பமான வேறுபாடுகள் உண்டு. 1980-களில் இங்கிலாந்தைச் சேர்ந்த அலிஸ்டேர் ஃபிட்டர் என்பவர், வேர் கிளைக்கும் விதத்தை ஒரு கணிதமாகவே ஆக்கினார். ஒரு முனையில், நடுவே ஒரு தண்டும் இருபுறமும் தனித்தனிக் கிளைகளுமாக மீன்முள்ளைப்போல் அமைந்த வேர். மறுமுனையில், ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பிரிந்துகொண்டே போகும் வேர். மீன்முள் அமைப்பில் கிளைகள் ஒன்றன் நிலத்தில் ஒன்று புகாமல் புதிய மண்ணைத் தேடுகின்றன; ஆனால் அதை அமைக்கச் செடிக்குச் செலவு அதிகம். இரண்டிரண்டாகப் பிரியும் அமைப்பு சிக்கனமானது. ஆனால் கிளைகள் நெருங்கி ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. குடும்பத்தில் வரவும் செலவும் பார்ப்பதுபோல் செடியும் பார்க்கிறது என்று சொல்லலாம்.

இவ்வகை ஆராய்ச்சியில் கோயம்புத்தூருக்கும் ஓர் இடம் உண்டு. 1912-இல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தோன்றியது. பார்பரும் அவருக்குப் பின் டி. எஸ். வெங்கட்ராமனும், பருத்த இனிய கரும்பை ஆற்றங்கரையில் தானே வளரும் நாணல் இனத்தோடு கலந்து புதிய கரும்புகளை உண்டாக்கினார்கள். 1918-இல் வெளியான 'கோ 205' அவற்றுள் முன்னோடி. நாணல் இனம் தந்த சீதனங்களுள் வலிய வேரும் ஒன்று. வெங்கட்ராமனும் தாமஸ் என்பவரும் 1920-களில் கரும்பின் வேர்த்தொகுதியைத் தனியே ஆராய்ந்து எழுதினார்கள். கரும்புக்கு இரண்டு தலைமுறை வேர்கள் உண்டு. நட்ட கரணையின் கணுவிலிருந்து மெல்லிய வேர்கள் முதலில் வரும். அவை சில வாரங்கள் உழைத்து மறையும். பின்னர், முளைத்த குருத்தின் அடியிலிருந்து பருத்த வெள்ளிய வேர்கள் இறங்கிப் பயிரைத் தாங்கும். முதல் தலைமுறை ஓய்வதற்குள் இரண்டாம் தலைமுறை வேலையை ஏற்றுக்கொள்ளாவிடின், பயிர் தள்ளாடும்.

நெல்லில் இந்த நூற்றாண்டு கண்ட செய்தி இன்னும் வியப்பானது. வேர் எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பதை அளக்க ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கம்பிவலைக் கிண்ணம் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். கிண்ணத்தை மண்ணால் நிரப்பி நடுவே நெல்லை விதைத்து, அதனை மண்தொட்டியில் புதைத்து வைப்பார்கள். வேர்கள் வலையைத் துளைத்து வெளியே வரும். கிண்ணத்தின் விளிம்பருகே வந்த வேர்கள் படுக்கையாகச் செல்பவை. அடிப்பக்கம் வந்தவை செங்குத்தாக இறங்குபவை. எண்ணினால் போதும்! இம்முறையைக் கொண்டே, நெல்லின் வேரை ஆழத்துக்கு வளைக்கும் மரபணு ஒன்றை அவர்கள் இனங்கண்டு 2013-இல் வெளியிட்டார்கள். மேலாகவே வேர்விடும் ஐ.ஆர். 64 என்ற புகழ்பெற்ற நெல்லில், பிலிப்பைன்ஸ் நாட்டு மேட்டுநில நெல் ஒன்றிலிருந்து அந்த மரபணுவைச் சேர்த்தபோது, வறட்சியில் ஐ.ஆர். 64 துவண்ட நிலத்தில் அதன் புதிய உடன்பிறப்பு தாக்குப்பிடித்து விளைந்தது.

அப்படியானால் எல்லாப் பயிருக்கும் ஆழ்வேர்தான் நல்லதா? அவ்வாறு முடிவு கட்டிவிடலாகாது. நீர் ஆழத்தில் இருக்கிறது. பாஸ்பரஸ் சத்தோ பெரும்பாலும் மேல்மண்ணில் இருக்கிறது. பாஸ்பரஸ் குறைந்த நிலத்தில் மேலாகப் பரவும் வேருக்கே ஆதாயம். ஹோவர்டு தம்பதியர் ஆளிவிதைச் செடியில் இதைப் போன்ற ஒன்றைக் கண்டார்கள். கரிசல் மண்ணுக்கு உரிய வகைகள் ஆழமாகவும் அரிதாகவும் வேர்விட்டன. கங்கைச் சமவெளியின் வண்டல் மண்ணுக்கு உரிய வகைகள் மேலாக வேர்விட்டன. ஒரே பயிர், ஆனால் மண்ணுக்கு ஏற்ற வேர். எந்த வேர் சிறந்தது என்று கேட்பதைவிட, எந்த மண்ணுக்கு எந்த வேர் என்று கேட்பதே அறிவுடைமை.

தோண்டினால் வேர் அறுகிறது. ஒருமுறை தோண்டிய செடியை மறுமுறை பார்க்க இயலாது. ஆதலால் தோண்டாமலே காணும் வழிகளும் தோன்றின. 1937-இல் பேட்ஸ் என்பவர் மண்ணுக்குள் கண்ணாடிக் குழாயை இறக்கி, அதன் சுவரில் வந்து மோதும் வேர்களைப் பார்க்கும் முறையைச் சொன்னார். இன்று அக்குழாய்க்குள் சிறிய ஒளிப்படக் கருவியை இறக்கி, ஒரே வேரின் பிறப்பையும் வளர்ச்சியையும் இறப்பையும் தொடர்ந்து பார்க்கிறார்கள். மருத்துவமனையில் உடலை ஊடுருவிப் படம் எடுக்கும் எக்ஸ் கதிர்க் கருவியில் தொட்டியை வைத்து, மண்ணுக்குள் வேர் இருக்கும் நிலையிலேயே அதன் வடிவத்தைக் காண்கிறார்கள். ஆனால் குழாய் தன்னைத் தொடும் வேரையே காட்டும். எக்ஸ் கதிருக்கு மிக மெல்லிய வேர்கள் தப்பிவிடும். ஒவ்வொரு முறையும் ஒரு சாளரம்; வீடு முழுவதையும் காட்டும் சாளரம் எதுவும் இல்லை.

வயலை விட்டு நகரத்துக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையைக் கடந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவற்றுள் பல, அடிமரம் முறியாமல், வேரோடும் மண்ணோடும் தட்டுப்போல் பெயர்ந்து விழுந்தன. மரத்தின் வேர் மரத்தின் உயரத்துக்கு ஆழமாக இறங்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் பெரும்பாலான மரங்களின் வேர்களில் மிகுதியானவை மேலுள்ள ஒரு மீட்டர் மண்ணுக்குள்ளேயே, கிளைகளின் எல்லையையும் தாண்டிப் பரவுகின்றன. அந்த ஒரு மீட்டர் மண்தான் மழைநீர்க் கால்வாயும் குடிநீர்க் குழாயும் மின்கம்பிவடமும் வேண்டும் இடம். ஒருபக்கம் வேரை வெட்டினால் மரம் மறுநாளே வாடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் பசுமையாகவே நிற்கும். புயல் வரும் இரவில்தான் வெட்டியவரின் கணக்கு தீர்க்கப்படுகிறது. அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் போட்டு நீரும் காற்றும் புகாமல் அடைத்துவிடுவதும் மெல்ல வேரை வெட்டுவதற்கு ஒப்பாகும்.

இதற்கு மாறாக ஆலமரத்தைப் பாருங்கள். அடையாறு பிரம்மஞான சபையின் தோட்டத்திலுள்ள புகழ்பெற்ற ஆலமரத்தின் தாய்மரம் 1989-இல் புயலில் சாய்ந்தது. ஆயினும் மரம் மடியவில்லை. கிளைகளிலிருந்து இறங்கி மண்ணில் ஊன்றிய விழுதுகள் அதைத் தாங்கி நிற்கின்றன. ஓரிடத்தில் மட்டும் ஊன்றாமல் பல இடங்களில் ஊன்றியதே அதன் காப்பு.

கரையான்சாவடி போன்ற ஊர்களில் நெடுஞ்சாலை விரிகிறது, மெட்ரோ ரயிலுக்குத் தூண்கள் எழுந்துள்ளன, கால்வாய்கள் தோண்டப்படுகின்றன. இவை ஊருக்கு வேண்டியவையே. ஆனால் கால்வாய்க்குக் கோடு கிழிக்கும் பொறியாளர், மரத்தின் வேர் எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதையும் தம் வரைபடத்தில் குறித்துக்கொண்டால், இரண்டு முழம் தள்ளித் தோண்டியே ஒரு மரத்தைக் காப்பாற்றிவிடலாம். நிலத்துக்கு அடியில் இருக்கும் குழாய்களுக்கு வரைபடம் வைத்திருக்கிறோம். வேர்களுக்கு மட்டும் ஏன் வைக்கவில்லை?

மாணவர்களே, இந்த வேலையைத் தொடங்க ஆராய்ச்சிக்கூடம் வேண்டியதில்லை. இரண்டு தொட்டிகளில் கேழ்வரகு விதையுங்கள். ஒன்றுக்கு நாள்தோறும் நீர் ஊற்றுங்கள், மற்றொன்றுக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊற்றுங்கள். மாதம் ஒன்று ஆனதும் தொட்டியை நீரில் ஊறவைத்து, மண்ணைச் சல்லடையின்மேல் மெல்லக் கழுவி, நான் சொன்ன கட்டத்தாள் முறையில் வேரின் நீளத்தைக் காணுங்கள். தேநீர் வடிகட்டும் வலைக்கிண்ணத்தில் இரண்டு வகை நெல்லை விதைத்து, எந்த வகையின் வேர் அடிப்பக்கம் அதிகம் வருகிறது என்று எண்ணுங்கள். உங்கள் தெருவில் வானம் தோண்டினால், பெரியவர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, சரியும் மண்ணுக்கு விலகிக் கரையில் நின்றபடியே, எந்த ஆழத்தில் எத்தனை வேர்முனைகள் தெரிகின்றன என்று குறித்துவையுங்கள். எண்ணிக்கையோடு நாளையும் இடத்தையும் எழுத மறவாதீர்கள். இடமும் நாளும் இல்லாத எண் வேரில்லாத செடியைப் போன்றது.

மேலே தெரியும் பாதியைப் போற்றுவதற்குக் கண் போதும். கீழே மறைந்திருக்கும் பாதியைப் போற்றுவதற்குக் கணக்கு வேண்டும். ஹேல்ஸ் தராசையும் முழக்கோலையும் கொண்டு தொடங்கிய அந்தக் கணக்கு, பெரும்பகுதி இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது. நம் ஊர்ப் புளியமரத்துக்கும் புங்கமரத்துக்கும் பனைக்கும் உரிய பக்கங்களை எழுதவேண்டியவர்கள், இன்று இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களே.